1956-இல் கட்டிய விமானம், 2019-இல் புது மோட்டார்

மாணவர்களே, 2019 டிசம்பர் 10-ஆம் தேதி கனடாவின் வான்கூவர் அருகே ஒரு சிறு விமானம் ஃபிரேசர் ஆற்றிலிருந்து மேலெழுந்தது. அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இல்லை. சுழலியைச் சுற்றியது மின்மோட்டார். விமானமோ 1956-இல் கட்டப்பட்டது!

அது பீவர் வகை விமானம். சாலையே இல்லாத காட்டுப் பகுதிகளுக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுசெல்ல உருவானது. மிதவை பொருத்தினால் ஏரியில் இறங்கும்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதன் உடல் எப்படித் தாங்கியது? ஒரு மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள், ஒடிந்துவிடும். இதுவே உலோகச் சோர்வு. மிக உயரத்தில் பறக்கும் ஜெட் விமானத்திற்குள், நாம் மூச்சுவிடுவதற்காகக் காற்றழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் அதன் உடல் சற்றே உப்பி, மறுபடி சுருங்குகிறது. தாழ்வாகப் பறக்கும் பீவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இறக்கைகளுக்குச் சோர்வு உண்டுதான். அதனால் பறந்த மணிநேரத்தைக் கணக்கிட்டுச் சோதிக்கிறார்கள். தேய்ந்த பாகத்தை மாற்றுகிறார்கள்.

அப்படித்தான் 450 குதிரைத்திறன் கொண்ட பழைய எஞ்சின் இருந்த இடத்தில் 750 குதிரைத்திறன் மோட்டார் வந்தது. சிக்கல் மின்கலத்தில்தான். ஒரு கிலோ பெட்ரோலில் உள்ள ஆற்றலில் சிறு பங்கே ஒரு கிலோ மின்கலத்தில் அடங்கும். பெட்ரோல் எரிய எரிய விமானம் இலேசாகும். மின்கலமோ தரையிறங்கும்வரை அதே கனம். முதல் பயணம் சில நிமிடங்களில் முடிந்தது. 2022 ஆகஸ்டில் அதே பீவர் கடல்மேல் சுமார் 72 கிலோமீட்டர் பறந்து வான்கூவர் தீவை அடைந்தது.