ஒரு பல்பு போனால் மாலையே போச்சு!

குழந்தைகளே! திருவிழாப் பந்தலிலும் கல்யாண வீட்டிலும் மினுக்கும் சீரியல் செட்டைப் பார்த்திருப்பீர்கள். பழைய வகை செட்டில் ஒரு குட்டி பல்பு பீஸ் போனாலும் மொத்த சரமும் அணைந்துவிடும். ஆனால், வீட்டில் கூடத்து விளக்கு பீஸ் போனால் சமையலறை விளக்கு அணைவதில்லையே, ஏன்?

சரத்தில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் கோக்கப்பட்டுள்ளன. இதுதான் தொடர் இணைப்பு. மின்னோட்டம் செல்ல ஒரே வழிதான். சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். மிதித்தவுடன் எல்லாக் கண்ணிகளும் ஒரே வேகத்தில் நகரும். ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் நின்றுவிடும். மின்னோட்டமும் அப்படித்தான்.

வீட்டு விளக்குகள் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி வழி. அதனால் ஒன்று போனாலும் மற்றவை எரியும்.

செய்து பாருங்கள்!

1.5 வோல்ட் செல் இரண்டு, இழை உள்ள ஒரே வகை டார்ச் பல்பு இரண்டு, சிறிது ஒயர் போதும். செல்களை அடுத்தடுத்து வைத்தால் 3 வோல்ட் கிடைக்கும். முதலில் ஒரு பல்பை இணையுங்கள். பளிச்சென்று எரியும். அடுத்து இரண்டையும் தொடராக இணையுங்கள். இரண்டும் மங்கலாக எரியும்.

'முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும். இரண்டாவதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும்' என்று பலர் நினைப்பதுண்டு. அப்படியில்லை! இரண்டும் ஒரே அளவில்தான் எரிகின்றன. தொடர் இணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம். பங்கு போடப்படுவது மின்னழுத்தம்தான், ஆளுக்கு 1.5 வோல்ட்.

அப்படியானால் ஏன் மங்கியது? ஒரு பல்பின் மின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 3ஐ 5ஆல் வகுத்தால் 0.6 ஆம்பியர். இரண்டு பல்பு என்றால் தடை 10 ஓம், மின்னோட்டம் 0.3 ஆம்பியர்தான். இந்தக் கணக்கை 1827ல் நூலாக வெளியிட்டவர், ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம்.

இனி சரத்துக்கு வருவோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 வோல்ட் பல்புகளை எரிக்க எத்தனை கோக்க வேண்டும்? 230ஐ 6ஆல் வகுங்கள். சுமார் 38!

கவனம்!

சரம் அணைந்ததும் பழுதான பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் விரல் வைத்தால் என்ன ஆகும்? மின்னோட்டம் இல்லாததால் மற்ற பல்புகள் தங்கள் பங்கை எடுப்பதில்லை. எனவே 6 வோல்ட் அல்ல, முழு 230 வோல்ட்டும் அந்த இடைவெளியில்தான் காத்திருக்கும். அறுந்த பாதையை உங்கள் விரல் இணைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து!

ஆகவே, அணைந்த சரத்தைத் தொடாதீர்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கச் சொல்லி, பெரியவர்களிடம் விடுங்கள். உங்கள் சோதனைகளுக்கு டார்ச் செல்லே போதும். சரிதானே?

மூளைக்கு வேலை: விளக்கோடு அதன் சுவிட்சைத் தொடராக இணைப்பது ஏன்? யோசித்து, வகுப்பில் ஆசிரியரிடம் சொல்லுங்கள்!