மேடையில் குத்தாட்டம்... போட்டோவில் வெறும் புகைமூட்டம்! காரணம் என்ன?

சென்னை:
ஆடி மாதம் வந்தால் வட சென்னையில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் திருவிழாதான். பகலில் கூழ் ஊற்றினால், ராத்திரி இன்னிசைக் கச்சேரி. கானா பாட்டு ஆரம்பித்ததும் பாடகர் மேடையில் எகிறிக் குதிக்கிறார். கீழே எல்லோரும் செல்போனைத் தூக்குகிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாடகர் நின்ற இடத்தில் புகை மாதிரி ஒரு கோடு!

ரசிகர்கள் 'சரி, போச்சு' என்று விட்டுவிடலாம். கச்சேரிக் குழு அப்படி விட முடியாது. அடுத்த ஊர் விழாக் கமிட்டிக்குக் காட்ட நாலு நல்ல படம் வேண்டுமே!

ஏன் மங்குகிறது?

இருட்டில் கேமரா அதிக வெளிச்சம் வாங்க ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். 1/30 விநாடி திறந்திருந்தால், வேகமாக வீசும் கை அதற்குள் அரை அடி நகர்ந்துவிடும். அதனால் ஷட்டரை 1/250-ல் வையுங்கள். டிரம்ஸ் குச்சிக்கு 1/500 தேவை. ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை தாராளமாக ஏற்றலாம். படத்தில் புள்ளி விழும், பரவாயில்லை. புள்ளியைக் குறைக்கலாம், கலங்கிய முகத்தைச் சரிசெய்வது கஷ்டம். 50 எம்.எம்., எப் 1.8 லென்ஸ் விலை குறைவு, இருட்டுக்கு ஏற்றது.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு வருதா?

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அப்போது ஷட்டரை 1/100-க்கு இறக்குங்கள். பாடகர் குதிக்கும்போது உச்சிக்குப் போனதும் ஒரு நொடிப்பொழுது அப்படியே நிற்பார். அந்த நேரம் பார்த்து அமுக்கினால் படம் தெளிவாக விழும்.

செல்போன் என்றால் திரையில் பாடகர் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். பாடுகிறவர் கண் கூசும், மேடைக் கலர் எல்லாம் வெளுத்துப்போகும்.

காது பத்திரம்!

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுதான் படம் எடுக்கணும் என்றால் உஷார். 100 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்பது ஆபத்து. காதில் பஞ்சு வைத்தால் போதாது. மெடிக்கல் கடையில் இயர் பிளக் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இரவு 10 மணி வரைதான் அனுமதி. அதனால் ஒன்பதரைக்கு மேல்தான் குத்துப் பாட்டுகளை வரிசையாக இறக்குவார்கள். அதுவரை பேட்டரியைக் காலி பண்ணிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பாடகரை ஊரே படம் எடுக்கும். பின்னால் வேர்க்க விறுவிறுக்க டோலக் அடிக்கிறாரே, அவரை யாரும் எடுப்பதில்லை. அவர் பக்கமும் ஒரு தடவை கேமராவைத் திருப்புங்கள். படத்தை மறக்காமல் அவருக்கே அனுப்பியும் வையுங்கள்!