ஒஸாகாவின் சிரிப்பு வியாபாரம்

நாவையே கைமுதலாகக் கொண்டு பிழைப்பவர் உலகில் பல திறத்தார். வக்கீல்கள், உபந்நியாசகர்கள், எம்மைப்போன்ற உபாத்தியாயர்கள் எல்லோரும் அந்தக் கூட்டந்தான். ஆனால் 6,000 பேருடைய நா ஒரே கம்பெனியின் ஆளுகையில் இருக்கும் விந்தையை ஜப்பானில்தான் காண்கிறோம். அக்கம்பெனியின் பெயர் யோஷிமோட்டோ கோக்யோ.

ஒஸாகா நகரத்தில் யோஷிமோட்டோ கிச்சிபே என்பவருக்குக் குடும்ப வியாபாரத்தைவிடக் கூத்துக் கொட்டகைகளின் மீதே மோகம் அதிகம். அவரும் மனைவி ஸேய் அம்மாளும் 1912-ம் வருஷம் டென்மாங்கூ கோயிலருகே ஒரு சிறு கொட்டகையை நடத்தத் தொடங்கினர். பெரிய வித்வான்கள் அங்கே எட்டிப் பார்ப்பார்களா? செப்பிடு வித்தை, பாட்டு, கோமாளிக்கூத்து என்று கிடைத்ததையெல்லாம் மேடையேற்றி, 5 ஸென் கட்டணத்துக்குக் காட்டினார்கள்.

அந்த அம்மாளின் சாமர்த்தியந்தான் வியக்கத்தக்கது. கொட்டகை வாயிலில் இஞ்சி கலந்த பானகம் விற்றார். மற்றவர்கள் புட்டிகளைத் தண்ணீரில் போட்டு வைப்பது வழக்கம். இவரோ பெரிய பனிக்கட்டியின் மேல் அவற்றை உருட்டிக் காட்டினார்; வழியே போவோர் நின்று பார்த்தார்கள்; பிறகு வாங்கினார்கள். உள்ளே ஆரஞ்சுப் பழம் விற்று, ரஸிகர்கள் எறிந்த தோலைப் பொறுக்கி உலர்த்தி மருந்து வியாபாரிகளுக்கும் விற்றார்! கணவர் 1924-ல் காலமான பிறகு, தம்பியின் துணைகொண்டு ஸேய் அம்மாளே தொழிலை நடத்தினார். கொட்டகைகள் பெருகின. மலரும் மதியும் என்று பொருள்படும் 'ககெட்ஸு' என்ற பெயரை அவற்றுக்குச் சூட்டினர்.

கொட்டகைகளை வாங்கியதுபோலவே ஆட்களையும் வாங்கியதில்தான் தகராறு பிறந்தது. மண்டியிட்டு அமர்ந்து தனியொருவராகக் கதை சொல்லும் 'ராகுகோ' கலையில் காட்ஸுரா ஹருதஞ்ஜிக்கு நிகரில்லை. கம்பெனியிடம் கடன் பட்டவர் அவர். வீட்டிலிருந்தபடி இனாமாகக் கேட்பவன் காசு கொடுத்துக் கொட்டகைக்கு வருவானா என்று அஞ்சிய கம்பெனி, ரேடியோவில் பேசலாகாதென்று தடுத்திருந்தது. 1930 டிசம்பரில் ஹருதஞ்ஜி தடையை மீறிப் பேசிவிட்டார். அவர் வீட்டுச் சாமான்களைக் கம்பெனி ஜப்தி செய்தது. மனிதர் சளைத்தாரா? ஜப்திச் சீட்டைத் தம் வாயில் ஒட்டிக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார்!

வேடிக்கை என்னவென்றால், ரேடியோவால் கொட்டகைகளில் கூட்டம் குறையவில்லை, பெருகிற்று. எண்டாட்ஸு, அச்சாக்கோ என்ற இருவரைக் கம்பெனி 1930-ல் ஜோடி சேர்த்திருந்தது. இருவர் நின்று நடத்தும் 'மன்ஸாய்' விகடம் முன்பு மத்தளமும் பாட்டுமாக இருந்தது. இவர்கள் மேனாட்டு உடை தரித்து, வெறும் சம்பாஷணையாலேயே சிரிக்க வைத்தார்கள். வாஸெடா, கெய்யோ ஸர்வகலாசாலைகளின் பேஸ்பால் பந்தயத்தைப்பற்றிய இவர்களுடைய உரையாடல் 1934-ல் ரேடியோ மூலமாகவே தேசமெங்கும் பரவியது.

1938-ல் சீனத்துப் போர்முனைக்கும் ஓர் ஹாஸ்யப் படையைக் கம்பெனி அனுப்பிற்று. பிறர் நாட்டின் மீது படையெடுத்தவர்களைக் குஷிப்படுத்தப் போன அந்தச் சிரிப்பு எமக்கு ருசிக்கவில்லை. 1945-ம் வருஷத்து விமானத் தாக்குதல்களில் கொட்டகைகள் வெந்து போயின. யுத்தம் முடிந்ததும் கலைஞர்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிட்டு, கம்பெனி சினிமாவில் இறங்கியது. ஸேய் அம்மாள் 1950-ல் மறைந்தார்.

மறுபடி நேரடி ஹாஸ்யத்துக்குத் திரும்பியது 1959-ல். அப்பொழுது டெலிவிஷன் வந்துவிட்டது. பழைய அச்சம் இப்போது இல்லை. மேடையில் நடப்பதை டெலிவிஷன் வாயிலாக வீடுதோறும் காட்டினார்கள். 1982-ல் ஹாஸ்யம் கற்பிக்க ஒரு பள்ளிக்கூடமே திறந்தார்கள். குருவின் வீட்டில் ஏவல் செய்து கற்ற வித்தைக்குச் சம்பளம் கட்டிப் படிக்கும் மாணாக்கர்கள் வந்தார்கள்! முதல் வகுப்பிலிருந்தே 'டவுன்டவுன்' என்ற பிரஸித்த ஜோடி தோன்றியது.

இத்தனை வளர்ச்சிக்கும் ஒரு காகிதம் மட்டும் குறைவாயிருந்தது. 2019-ல் கலைஞர்கள் சிலர், மோசடிக் கும்பலொன்றின் விருந்தில் கம்பெனிக்குத் தெரியாமல் ஆடிப் பணம் பெற்ற செய்தி வெளிவந்தது. கம்பெனி அவர்களைத் தண்டித்தது. உடனே வேறொரு கேள்வி எழுந்தது: கூலி போதாமல்தானே வெளியே போகிறார்கள்? அப்போதுதான், பெரும்பாலோருடன் எழுத்தில் ஒப்பந்தமே இல்லை, வாய்வார்த்தைதான் என்பது ஊரறிந்தது. தலைவர் பத்திரிகை நிருபர்கள் முன் ஐந்து மணி நேரத்துக்குமேல் பதில் சொல்லியும் சமாதானம் பிறக்கவில்லை. பிறகே எல்லோருடனும் பத்திரம் எழுதிக்கொள்ளக் கம்பெனி இசைந்தது. முழுப் பொறுப்பையும் கம்பெனியிடம் ஒப்படைக்க விரும்பாதவர்களுக்கு, தரகு வேலைக்கு மட்டும் தனி ஒப்பந்தம் என்றும் ஏற்பாடாயிற்று. நிர்வாகத்தைப் பகிரங்கமாகக் கண்டித்த கத்தோ கோஜி என்ற கலைஞர் அந்த முறையில் கையெழுத்திட்டார். 2021 மார்ச்சுடன் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. அவர் தனியே தொழில் நடத்தச் சென்றுவிட்டார்.