அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் ஆன் ஆகலையா?

பயாஸ் அப்டேட் முடிந்து மறுநாள் பார்த்தால் லேப்டாப் ஆன் ஆகவில்லை, சார்ஜும் ஏறவில்லை. கடையில் "மதர்போர்டு போச்சு" என்று சொல்லக்கூடும். பணம் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்க.

பேட்டரி, சார்ஜர், பவர் பட்டன் மூன்றையும் கவனிப்பது மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன கன்ட்ரோலர் சிப். அப்டேட்டில் கோளாறு வந்தால் சில நேரம் அது அப்படியே சிக்கி நின்றுவிடும். சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்க. பல நேரம் இதிலேயே உயிர் வந்துவிடும், செலவு ஒரு பைசா கிடையாது.

ஆன் ஆனதும் நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் எண் கேட்கலாம். அவசரப்பட்டு ஃபார்மட் செய்ய விடாதீங்க, அதுவரை பத்திரமாக இருந்த ஃபைல்கள் எல்லாம் போய்விடும். லேப்டாப்பில் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கை உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த எண் அங்கே இருக்கும்.

எதற்கும் அசையவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான். வாரன்டி இருந்தும் பணம் கேட்டால், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.