விபத்துக்குள்ளான காரில் பேட்டரி மின்கசிவைக் கண்டறிதல்

கார் நிறுத்தப்பட்டு, சாவி எடுக்கப்பட்ட பிறகும் பேட்டரியிலிருந்து தேவையில்லாமல் மின்னோட்டம் வெளியேறிக்கொண்டிருப்பது ஒட்டுண்ணி மின்கசிவு எனப்படும். மரத்தில் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியைப் போல, ஏதோ ஒரு விளக்கோ, ரிலேயோ, மின்னணுப் பெட்டியோ பேட்டரியை மெல்ல உறிஞ்சுகிறது. எந்தக் காரிலும் இது வரலாம். மோதலுக்குப் பின் டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வந்த கார்களில் இதற்கான வாய்ப்பு மிகுதி. வெளித்தோற்றத்தில் புதிதுபோல் இருக்கும் கார், இரண்டு நாள் நின்றால் செல்ஃப் எடுக்காது. பேட்டரி பழசாகிவிட்டது என்று புதிது வாங்கிப் போடுவார்கள். அதுவும் ஒரு வாரத்தில் இறங்கிவிடும்.

இயல்பான அளவும் கசிவும்

கார் உறங்கும்போது மின்னோட்டம் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. கடிகாரம், திருட்டு எச்சரிக்கை, ரிமோட் சாவியின் ஏற்பி, எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவகம் ஆகியவற்றுக்குச் சிறிது மின்சாரம் தேவை. இக்காலக் கார்களில் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பானது எனக் கொள்ளலாம். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் 35 முதல் 45 ஆம்பியர்-மணி பேட்டரிகள் பரவலாக உள்ளன. 45 ஆம்பியர்-மணி பேட்டரி இந்த அளவு கசிவில் பாதியாகக் குறைய 18 நாட்களுக்கு மேல் ஆகும்.

டிக்கியில் உள்ள 5 வாட் விளக்கு ஒன்று அணையாமல் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எடுப்பது ஏறத்தாழ 0.4 ஆம்பியர், நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி. அதே பேட்டரி இரண்டு நாட்களுக்குச் சற்று மேலான நேரத்தில் பாதியாகிவிடும். மூன்று ஆண்டு ஓடிய பேட்டரியாக இருந்தால் அதற்கு முன்பே ஸ்டார்ட்டரைச் சுழற்றும் வலுவை இழந்திருக்கும். மூடிய டிக்கிக்குள் எரியும் விளக்கை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

மோதல் என்ன செய்கிறது

பழுதைத் தேடுபவர் ஃபியூஸ் பெட்டியைத் திறக்கும் முன் கார் எங்கே அடிபட்டது என்று கேட்பது நல்லது. கசிவு பெரும்பாலும் அடிபட்ட பகுதியிலோ, பழுதுபார்க்கக் கழற்றிய பகுதியிலோதான் இருக்கும்.

முன்புறம் அடிபட்டால் ரேடியேட்டர் தாங்கி, ஹெட்லைட், ஹாரன், மின்விசிறி ஆகியவற்றுக்குச் செல்லும் வயர்க்கட்டு நசுங்குகிறது. உலோகத் தகட்டின் ஓரத்தில் உராயும் வயரின் உறை சில வாரங்களில் தேய்ந்து, பாடியைத் தொடத் தொடங்கும். விசிறி ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பானெட்டின் சுவிட்ச் இடம் மாறியிருந்தால், பானெட் திறந்தே இருக்கிறது என்று நினைத்து எச்சரிக்கை அமைப்பு விழித்திருக்கும். பின்புறம் அடிபட்ட கார்களில் டிக்கி விளக்கு, பூட்டின் உள்ளே உள்ள நுண்சுவிட்ச், ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சார் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். பக்கவாட்டு அடியில் கதவுக் கீலருகே ரப்பர் குழாய்க்குள் வளைந்து செல்லும் வயர்கள் பாதிக்கப்படுகின்றன. புதுக் கதவைப் பொருத்தும்போது அந்தக் குழாய் சரியாக உட்காராவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி, கனெக்டர் முனைகளில் பச்சை நிறத் துரு படியும். ஈரமான துரு மின்சாரத்தைக் கசியவிடும். மழை பெய்த மறுநாள் மட்டும் வண்டி எடுக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எல்லாப் பழியையும் மோதலின் மேல் போடவும் முடியாது. பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால் மின்னணுப் பெட்டிகள் கெடலாம். எர்த் போல்ட்டைப் பெயிண்டின் மேலேயே முறுக்கினால் தொடர்பு சரியாகக் கிடைக்காது. பெட்டிகள் தாறுமாறாக இயங்கி, உறங்க மறுக்கும். வெட்டிய வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவது இன்னொரு பழக்கம். எஞ்சின் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகி, ஆறு மாதத்தில் கழன்றுவிடும்.

முதலில் பேட்டரி, பிறகு சார்ஜிங்

கசிவைத் தேடும் முன் வேறு இரண்டு காரணங்களை விலக்கிவிட வேண்டும். மோதலின் அதிர்வில் பேட்டரியின் உள்ளே தகடுகள் சேதமடைந்து, தானே இறங்கிவிடக்கூடும். அதை முழுமையாக சார்ஜ் செய்து, காரிலிருந்து கழற்றி ஓரிரவு வைத்து அளக்க வேண்டும். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே இறங்கினால் குறை பேட்டரியிலேயே இருக்கிறது.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். இல்லையெனில் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ சரியில்லை. நீண்ட தூரம் ஓட்டி நிறுத்திய உடனேயே வண்டி எடுக்க மறுத்தால் சார்ஜிங் மீது சந்தேகம்; மாலையில் நன்றாக எடுத்து, காலையில் செத்துக் கிடந்தால் கசிவின் மீது சந்தேகம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி வேலை மிச்சமாகும்.

அளக்கும் முறை

தேவையானது 10 ஆம்பியர் வரை நேர்மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டர். நேர்மின்னோட்டத்தை மில்லி ஆம்பியர் அளவுக்கு நுட்பமாகக் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எதையும் கழற்ற வேண்டியதில்லை. வீட்டு மின்சாரத்தை அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது.

பானெட்டைத் திறந்து வைத்து, அதன் பூட்டையும் கதவுப் பூட்டுகளையும் ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ள வேண்டும். அப்போதுதான் கார் தன் கதவுகள் மூடியிருப்பதாக நம்பும். ஸ்மார்ட் சாவியைச் சில மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஸ்கேனர் கருவி செருகப்பட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை சில கார்கள் உறங்காது. பிறகு மீட்டரை பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நெகட்டிவ் கேபிளுக்கும் இடையே தொடராக இணைக்க வேண்டும். கேபிளைக் கழற்றும் முன், முனைக்கும் கேபிளுக்கும் இடையே கிளிப் வயர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மீட்டரை இணைத்த பின் அந்த வயரை எடுத்தால் மின்சாரம் ஒரு கணமும் நிற்காது. நின்றால் எல்லாப் பெட்டிகளும் மீண்டும் விழித்துக்கொள்ளும். சில நேரம் குறையே தற்காலிகமாக மறைந்து ஆளை ஏமாற்றும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியரில் மீட்டரின் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும்.

தொடக்கத்தில் சில ஆம்பியர் காட்டினால் பதற வேண்டாம். பெட்டிகள் ஒவ்வொன்றாக உறங்கச் சில நிமிடங்கள் முதல், சில கார்களில் ஒரு மணி நேரம் வரைகூட ஆகும். இந்தப் பொறுமை இல்லாமல் எடுத்த அளவு எதற்கும் பயன்படாது.

எண் நிலைத்த பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிக்க வேண்டும். 0.4 ஆம்பியரில் அசையாமல் நின்றால் விளக்காக இருக்கலாம். பல ஆம்பியர் நிலையாக நின்றால் ஒட்டிய ரிலே அல்லது உறை தேய்ந்த வயர். குறைந்து, சில நொடிகளுக்கு ஒருமுறை மீண்டும் ஏறினால் ஏதோ ஒரு பெட்டி மற்றவற்றை எழுப்பிக்கொண்டிருக்கிறது. காரின் பெட்டிகள் கேன் எனப்படும் பொதுத் தடத்தில் பேசிக்கொள்பவை. ஈரம் புகுந்த ஒரு கதவுப் பெட்டி தூங்காவிட்டால் மற்றவையும் தூங்குவதில்லை.

ஃபியூஸைப் பிடுங்காமல் தேடுதல்

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, எதில் எண் குறைகிறது என்று பார்ப்பது பழைய வழி. எளியதுதான்; ஆனால் ஃபியூஸைத் திரும்பச் செருகும்போது பெட்டிகள் விழித்துக்கொள்வதால், இக்காலக் கார்களில் குழப்பமே மிஞ்சும். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் அளப்பதே மேலான வழி. 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸின் மின்தடை ஏறத்தாழ 7 முதல் 8 மில்லி ஓம். அதில் 3 மில்லிவோல்ட் காட்டினால், ஓமின் விதிப்படி சுமார் 0.4 ஆம்பியர் ஓடுகிறது. சுழி காட்டினால் அந்தச் சுற்று உறங்குகிறது. எதையும் அசைக்காமல் பெட்டி முழுவதையும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

சுற்று தெரிந்ததும் வயரிங் வரைபடத்தின் உதவியோடு அதன் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அடிபட்ட பக்கத்துக் கனெக்டரில் தொடங்குவது நல்லது. மீட்டரைப் பார்த்தபடி வயர்க்கட்டை மெல்ல அசைத்தால், உரசும் இடத்தில் எண் துள்ளும்.

எல்லா ஃபியூஸும் சுழி காட்டியும் கசிவு நீடித்தால், சாதாரண ஃபியூஸ் பெட்டி வழியாகச் செல்லாத கேபிள்களைப் பார்க்க வேண்டும்: ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும். ஆல்டர்னேட்டரின் உள்ளே உள்ள டையோடு பழுதானால் மின்சாரம் பின்னோக்கி ஓடும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளைக் கழற்றி முனையை உறையிட்டு, மறுபடி அளந்தால் விடை கிடைக்கும்.

ஆபத்தான இடங்கள்

ஸ்டார்ட்டருக்குச் செல்லும் தடித்த கேபிளுக்குப் பல கார்களில் ஃபியூஸ் பாதுகாப்பு கிடையாது. அதன் உறை நசுங்கியிருந்தால், அது பேட்டரி இறங்கும் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கும் பிரச்சினை. அப்படிப்பட்ட காரில் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இரவில் நிறுத்த வேண்டும்.

மஞ்சள் உறையிட்ட வயர்கள் பொதுவாக ஏர்பேக்குக்குரியவை. அவற்றில் மல்டிமீட்டரை வைத்து மின்தடை அளக்கக் கூடாது. மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதும் கூடாது.

மின்சாரக் கார்களின் உயர் மின்னழுத்தப் பகுதியில் பயிற்சி பெற்றவர் தவிர யாரும் கைவைக்கக் கூடாது. 2011 மே மாதம் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பக்கவாட்டு மோதல் சோதனைக்கு உட்பட்ட செவ்ரொலே வோல்ட் கார் ஒன்று, சுமார் 3 வாரங்கள் கழித்து, நிறுத்தியிருந்த இடத்திலேயே தீப்பிடித்தது. சேதமடைந்த பேட்டரியிலிருந்து குளிர்விப்புத் திரவம் கசிந்து, உள்ளே ஷார்ட் ஏற்பட்டதே காரணமாகக் கூறப்பட்டது.

காப்பீடும் சான்றும்

இந்தியாவின் வழக்கமான வாகனக் காப்பீட்டில் மின் கோளாறு என்ற வகையில் வரும் செலவு ஏற்கப்படுவதில்லை. விபத்தால் நேர்ந்த சேதம் ஏற்கப்படும். எனவே கசிவு விபத்தால் வந்தது என்று காட்ட முடியுமா என்பதே பணத்தைத் தீர்மானிக்கிறது. பேட்டரிக்குக் கூடுதல் காப்பு இல்லாதவருக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிக்கப்படும் என்பதால், தேவையில்லாமல் பேட்டரி மாற்றுவது கையிலிருந்து போகும் செலவு.

நசுங்கிய வயரைப் பழுதுபார்க்கும் முன் அது இருந்த நிலையிலேயே, அருகில் உள்ள அடிபட்ட தகடும் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். மீட்டரில் தெரிந்த அளவையும் தேதியோடு படமெடுத்து, வேலையைத் தொடங்கும் முன் சர்வேயருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டேப் சுற்றி மூடிய பின் சர்வேயர் வந்தால் அவர் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. வண்டியை எடுத்துவரும் நாளில், உறங்கிய நிலையில் எத்தனை மில்லி ஆம்பியர் என்று ஜாப் கார்டில் எழுதித் தரும்படி கேட்கலாம். பேட்டரியைக் கழற்றாமல் மூன்று இரவு நிறுத்தி வைத்து மறுபடி வோல்ட் அளந்தால் பழுது உண்மையில் தீர்ந்ததா என்பது தெரியும். மழைநீர் புகுந்த காராக இருந்தால், ஒருமுறை நன்றாகக் கழுவிய பிறகு இதைச் செய்ய வேண்டும்.