லீவு விட்டாச்சு... பிள்ளைகளை ஓவிய முகாமுக்கு அனுப்புவோமா?



ஏப்ரல் மாதக் கடைசியில் கோரிப்பாளையம் பகுதிக் குழுக் கூட்டங்களுக்குப் போனால், சேமிப்பும் கடன் தவணையும் பேசி முடித்த பிறகு எல்லாக் குழுவிலும் ஒரே பேச்சுதான். "லீவு விடப் போறாங்க. இதுகளை வெச்சுக்கிட்டு எப்படி வேலைக்குப் போறது?" வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், பெரியாஸ்பத்திரி பக்கம் இட்லிக் கடை போடுகிறவர்கள் என நம் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு லீவு என்று ஒன்று கிடையாது. லீவு பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

அந்த நாற்பது நாளில் என்ன நடக்கிறது? மூத்த பெண் பிள்ளை தம்பி, தங்கையைப் பார்த்துக்கொண்டு சமையலையும் கவனிக்கிறாள். ஆண் பிள்ளை தெருவில் சுற்றுகிறான், அல்லது செல்போனில் விழுந்து கிடக்கிறான். சில வீடுகளில், "சும்மாதானே இருக்கான், ரெண்டு காசு வரட்டும்" என்று கடைக்கோ பட்டறைக்கோ அனுப்பிவிடுகிறோம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப் போகப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். லீவில் வேலைக்குப் போன பிள்ளை, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது திரும்பி வராமல் போவதும் உண்டு.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1986-ம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் மட்டும் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவி செய்யலாம். ஆனால் வேலைக்கு அனுப்பாதே என்று சொன்னால் மட்டும் போதாது, வேறு எங்கே அனுப்புவது என்றும் சொல்ல வேண்டும். அதில் ஒரு நல்ல வழிதான் விடுமுறைக் கால ஓவிய முகாம்.

"வரஞ்சா சோறு போடுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத குழு இல்லை. நியாயமான கேள்விதான். ஓவிய முகாமுக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் ஓவியர் ஆகப்போவதில்லை. அதற்காக நாம் அனுப்பவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் சரி. வரைவதில் அப்படி இல்லை. இருபது பிள்ளைகளிடம் "உங்க தெருவை வரைங்க" என்றால் இருபது தெரு வரும். ஒருவன் தெருக்குழாயில் குடம் வரிசையாக நிற்பதை வரைவான். ஒருத்தி தர்கா கோபுரத்தை வரைவாள். தான் பார்த்ததைத் தன் கையால் சொல்லலாம், அதற்கு யாரும் தப்பு போட மாட்டார்கள் என்பதை ஒரு பிள்ளை அங்கேதான் முதலில் தெரிந்துகொள்கிறது. மார்க் குறைந்த பிள்ளைக்கு இந்த நம்பிக்கை மிகவும் பெரியது.

இதை முதலில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஃபிரான்ஸ் சிஸெக் என்ற ஆஸ்திரிய ஆசிரியர். 1897-ல் வியன்னா நகரில் சிறுவர்களுக்கென்றே ஓவிய வகுப்பு தொடங்கினார். பெரியவர்கள் வரைந்து காட்டி, "இதைப் பார்த்துப் போடு" என்று சொல்லும் பழக்கத்தை அவர் விட்டார். பிள்ளைகள் மனதில் இருப்பதை அவர்களாகவே கொண்டுவரட்டும் என்றார். அந்த எண்ணம் பிறகு கலைக்கூடங்களுக்கும் வந்தது. டில்லியில் 1954-ல் தொடங்கிய தேசிய நவீனக் கலைக்கூடம், கொரோனா காலமான 2021-ல் 'நைமிஷா' என்ற பெயரில் கோடைக்கால ஓவியப் பயிற்சியை இணையவழியில் நடத்தியது.

டில்லி நமக்குத் தூரம். நம் ஊரில் என்ன இருக்கிறது?

நடந்து போகும் தூரத்தில்

கோரிப்பாளையம் சந்திப்பிலிருந்து பொடிநடையாகப் போனால் தமுக்கம். அதன் பக்கத்தில் ராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனை. அந்தக் கட்டடத்தில்தான் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959 ஏப்ரல் 15-ம் தேதி பிரதமர் நேரு திறந்து வைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கே பாதுகாக்கப்படுகிறது. அதே வளாகத்தில் 1981-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் உண்டு. இத்தனை பக்கத்தில் இருந்தும், "அந்தப் பக்கம் பஸ்ஸுல போயிருக்கேன், உள்ளே போனதில்லை" என்று சொன்ன உறுப்பினர்கள்தான் அதிகம்.

இது தவிர, தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை பல மாவட்டங்களில் ஜவகர் சிறுவர் மன்றங்களை நடத்துகிறது. 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் போன்றவை கற்றுத் தரப்படுகின்றன. கோடை விடுமுறையில் தனிப் பயிற்சி முகாம்களும் நடப்பது வழக்கம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. முகாம் தேதி, நேரம், கட்டணம் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே குழுவில் ஒருவர் நேரில் போய்க் கேட்டு வருவது நல்லது.

முகாமில் என்ன செய்வார்கள்?

நல்ல முகாமில் முதல் வேலை வரைவது அல்ல, பார்ப்பது. அருங்காட்சியகம் என்றால் ஒரே ஒரு சிலை முன்னால் பிள்ளைகளைப் பத்து நிமிஷம் உட்கார வைப்பார்கள். கையில் என்ன வைத்திருக்கிறது? கால் எப்படி மடங்கியிருக்கிறது? எந்த இடம் உடைந்திருக்கிறது? பிறகுதான் பென்சில். அதன் பின் களிமண், காகிதம் வெட்டி ஒட்டுவது, அச்சுப் போடுவது, வண்ணம் என்று போகும். விளாச்சேரி பொம்மையும் சுங்குடிச் சேலையும் செய்கிற ஊர் இது. நம் பிள்ளைகளுக்குக் களிமண்ணும் சாயமும் புதுசில்லை. கடைசி நாளில் எல்லாப் படங்களையும் சுவரில் மாட்டி, பெற்றோரை அழைப்பார்கள். அன்றைக்கு அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை, போய்வாருங்கள்.

நாங்கள் செய்த தப்பு

ஒரு மே மாதம் எங்கள் அலுவலகக் கூடத்தில் நாங்களே ஐந்து நாள் முகாம் நடத்தினோம். மூன்றாம் நாள் "வைகை ஆறு" என்று தலைப்புக் கொடுத்தோம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஏ.வி. பாலத்தை வரைந்து, கீழே மண்ணும் புல்லும் நாலு எருமையும் போட்டிருந்தான். எங்கள் தொண்டர் ஒருவர் நல்ல எண்ணத்தில்தான், "ஆறுன்னா தண்ணி வேணும்ல தம்பி" என்று சொல்லி எருமை மேலேயே நீலக் கலரைத் தீட்டிக் காட்டினார். அன்று சாயங்காலம் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசும் கொடுத்தோம். அவனுக்குப் பரிசு இல்லை.

மறுநாள் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தோம். அவன் அம்மா வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கேட்டார்: "ஏங்க, ஆத்துல தண்ணி எங்க கிடக்கு? பிள்ளை பாத்ததைத்தானே போட்டான்?"

எங்களிடம் பதில் இல்லை. சமூகப் பணி படித்த எங்களுக்குத் தெரியாதது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கடைசி நாளுக்குத்தான் அவன் வந்தான். புதுத் தாள் கொடுத்தோம். மறுபடி எருமைதான் வரைந்தான், இந்த முறை ஆறு. அதன் பிறகு எங்கள் முகாமில் இரண்டு விதி வைத்தோம். பிள்ளையின் தாளில் பெரியவர் கை படக் கூடாது. பரிசு என்றால் எல்லோருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை.

வயதுக்கு ஏற்றபடிதான் வரும்

இரண்டு, மூன்று வயதில் கிறுக்கல்தான் வரும். அது வீண் இல்லை, கை பழகுகிறது. நாலு வயது வாக்கில் ஒரு வட்டம், அதிலிருந்தே நேராக இரண்டு கால் என்று மனிதன் வருவான். ஆறு, ஏழு வயதில் தாளின் அடியில் தரைக் கோடு போட்டு அதன் மேல் வீடு, மரம் நிற்கும். வீட்டைவிட அம்மா பெரிதாக இருப்பார். அது பிழை இல்லை. பிள்ளைக்கு யார் முக்கியமோ அவர் பெரிதாகத் தெரிகிறார். ஒன்பது, பத்து வயதுக்கு மேல், உள்ளது உள்ளபடி வரவேண்டும் என்ற ஆசை வரும். வராதபோது "எனக்கு வராது" என்று தாளைக் கசக்கிப் போடுவார்கள். பலர் வரைவதை விடுவது இந்த வயதில்தான். அப்போது "யாரு இது, காக்காயா?" என்று சிரிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கறுப்புக் கலர் போட்டால் மனசு சரியில்லை என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. கறுப்புக் கிரேயான் மட்டுமே மிச்சம் இருந்திருக்கலாம். ஆனால் படத்தைப் பற்றிப் பேசும்போது பயமுறுத்தும் விஷயம் எதையாவது பிள்ளை சொன்னால், அதட்டாமல் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லா வீட்டிலும் எழுதி வையுங்கள்.

அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

1. முகாம் நடக்கும் நேரம் முழுதும் பெண் பொறுப்பாளர் ஒருவர் இருப்பாரா?
2. குடிதண்ணீர், கழிப்பறை வசதி உண்டா? பெண் பிள்ளைகளுக்குத் தனியாக உண்டா?
3. ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்?
4. பொருட்கள் அவர்கள் தருவார்களா, நாம் வாங்க வேண்டுமா?
5. கூட்டிப் போவது யார், கூட்டி வருவது யார்? கோரிப்பாளையம் சந்திப்பைத் தாண்டுவது பெரியவர்களுக்கே சிரமம். பிள்ளைகளைத் தனியாக விட வேண்டாம்.
6. பிள்ளைகளைப் போட்டோ எடுத்தால் நம்மிடம் கேட்பார்களா?

முகாம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். காலண்டர் தாளின் பின்பக்கம், அடுப்புக் கரி, செங்கல் பொடி, மஞ்சள் பொடி, சொட்டு நீலம் போதும். ஒன்றை மறந்துவிடாதீர்கள். தினமும் காலையில் புள்ளி வைத்து, அளவு தப்பாமல் கோலம் போடுகிற கை நம் கை. "எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லாமல் பிள்ளையோடு உட்காருங்கள்.

குழுவில் தீர்மானம்

அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் பேசி மினிட் நோட்டில் எழுதுங்கள். முதலாவது, நம் குழுவில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், லீவில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்ற பட்டியல். இரண்டாவது, முறை போட்டு நாளுக்கு இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய் வருவது. மூன்றாவது, தாளுக்கும் கலருக்கும் குழுப் பொது நிதியிலிருந்து ஒரு சிறு தொகை. இதற்காக யாரும் கடன் எடுக்க வேண்டாம். தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிள்ளையின் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். விட்டுப் போவது எப்போதும் அவள் பெயர்தான். சின்னக் குழந்தையையும் அவள் கூடவே அனுப்பலாமா என்று முகாமில் கேட்டுப் பாருங்கள்.

முகாம் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "பிரைஸ் வாங்கினியா?" என்று கேட்காதீர்கள். "என்ன வரஞ்ச, சொல்லு" என்று கேளுங்கள். பிறகு அந்தப் படத்தை அரிசிப் பானைக்கு மேலே, கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.