அந்நியச் செடிகள்: எந்தப் புதரை முதலில் அகற்றுவது?

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் உண்ணிச்செடி மண்டிய இடங்களில் புல் குறைந்துவிடுகிறது. மானுக்கும் காட்டெருமைக்கும் மட்டுமல்ல, காட்டோர கிராமத்து மாடுகளுக்கும் மேய்ச்சல் போகிறது. பசியில் உண்ணி இலையைத் தின்னும் மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும்.

அந்நியச் செடிகளை அகற்றத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனால் பரப்பு பெரிது. ஆளும் பணமும் குறைவு. எனவே எங்கே தொடங்குகிறோம் என்பதே முக்கியம்.

பலரும் இருப்பதிலேயே பெரிய புதரில்தான் முதலில் கை வைக்கிறார்கள். பெரிய புதர் அதன் ஓரத்தில் மட்டுமே விரியும். ஆங்காங்கே புதிதாக முளைத்த சிறு திட்டுகளோ நாலா பக்கமும் பரவும். மூடி, மேக் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-ல் கணக்கிட்டுக் காட்டியதும் இதையே.

முன்னுரிமை வரிசை

1. தனித்து நிற்கும் புதிய திட்டுகள். இவற்றைப் பூக்கும் முன்பே அகற்ற வேண்டும்.
2. விதை பரவும் வழிகள்: ஓடையின் மேற்பகுதி, சாலையோரம், மாட்டுப்பட்டி. சீமைக் கருவேல விதை மாட்டுச் சாணத்திலும், உண்ணி விதை பறவை எச்சத்திலும் பரவுகிறது.
3. நல்ல புல்வெளி, நீர்நிலைகளின் சுற்றுப்புறம்.
4. கடைசியாகப் பெரும் புதர். ஓரத்திலிருந்து உள்நோக்கி, பராமரிக்க முடிந்த அளவு மட்டும்.

செடிக்கேற்ற முறை

உண்ணிச்செடியை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வேர்ப்பகுதியோடு வெட்டி, தலைகீழாகப் போட வேண்டும். சீமைக் கருவேலத்தை மேலாக வெட்டினால் துளிர்க்கும். வேரோடு பெயர்க்க வேண்டும். நீலகிரியில் பெருகிவரும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமும் வெட்டினால் துளிர்க்கும். அதைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்குவது எளிது. மஞ்சள் பூவைப் பார்த்து நம் சரக்கொன்றையை வெட்டிவிடக் கூடாது. சரக்கொன்றையின் பூங்கொத்து தொங்கும். சென்னாவின் கொத்து நிமிர்ந்து நிற்கும்.

அகற்றிய பிறகு

வெற்று மண்ணில் அதே களை மீண்டும் முளைக்கும். உள்ளூர்ப் புல் விதையைத் தூவி, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். இதற்கு ஆள் ஒதுக்க முடியாத இடத்தில் வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி எதையும் வெட்டக் கூடாது. கிராம மேய்ச்சல் நிலத்திலும் கண்மாய்க் கரையிலும் ஊராட்சியுடன் பேசி, இதே வரிசையில் வேலையைத் தொடங்கலாம்.